எங்கள் கொல்லையில் ஒரு முத்தக் கதவு

1

நாங்கள் இந்தக் கிராமத்துக்குக் குடிவந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று என் மனைவி கலா கேசரி கிளறினாள். கேசரி ஆறுவதற்குள் வாசற்கதவின் தபால் ஓட்டை வழியாக ஒரு மடித்த காகிதம் விழுந்தது. யாரோ நமக்கும் வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆசையாக எடுத்தேன். கிராம சபை அச்சடித்து வீடு வீடாகப் போட்ட துண்டுப் பிரசுரம். 'லிட்டில் பாட்ஸ்வொர்த்: நடந்து பார்க்க எட்டுச் சிறப்பிடங்கள்' என்று தலைப்பு. உள்ளே கையால் வரைந்த ஊர்ப்படம், அதில் எட்டு எண்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி வரலாறு.

பெங்களூரில் இருக்கும் நீங்கள் இங்கிலாந்துக் கிராமம் என்றதும் காலண்டர் படத்தை நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. காலண்டரில் மழை பெய்யாது. லிட்டில் பாட்ஸ்வொர்த் என்று ஒன்று இருந்தால் பெரிய பாட்ஸ்வொர்த் என்று ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று வந்த புதிதில் விசாரித்தேன். இல்லையாம். இருந்ததும் இல்லையாம். நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பப், நாளைக்கு நான்கு தடவை வரும் பஸ். நம் பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு வட்டாரத்தின் பாதிகூட இருக்காது. ஆனாலும் அதற்குள் எட்டுச் சிறப்பிடங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதுதான் இந்த ஜனங்களின் திறமை.

முதலாவது தேவாலயம். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பெருமையாகப் போட்டிருந்தது. எங்கள் பூர்வீக ஊர்ப்பக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோயில் என்றால் புதுக்கோயில் கணக்கு, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டாவது குளம், மூன்று வாத்துகளுடன். மூன்றாவது அந்த வாத்துகளின் பெயர் தாங்கிய பப். நான்காவது சிவப்பு டெலிபோன் பெட்டி. அதில் போன் வேலை செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறார்கள். ஐந்தாவது ஒரு கல். ஒரு மன்னர் அதில் கால் வைத்துக் குதிரையிலிருந்து இறங்கியதாக நம்பப்படுகிறது. எந்த மன்னர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, குதிரை விஷயத்தில் இல்லை. ஆறாவது பஸ் நிழற்குடை, யாரோ ஒரு ராணியின் ஏதோ ஒரு விழா நினைவாகக் கட்டியது.

ஏழாவது எங்கள் வீட்டுக் கொல்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சந்தேகமே இல்லை. எங்கள் வீடு, எங்கள் ஆப்பிள் மரம், கலா மிளகாய் காயப்போடும் இடம், அதன் குறுக்கே புள்ளி புள்ளியாக ஒரு பாதை, பாதை முடியும் இடத்தில் ஏழு என்ற எண். 'தேவாலயத்துக்குச் செல்லும் பழைய நடைபாதையும் அதன் முத்தக் கதவும்' என்று விளக்கம். கீழே ஒரு வரி: 'இவ்விடத்தில் விரைவில் ஒரு பெஞ்சு அமைக்க உத்தேசம்.'

2

முத்தக் கதவு என்று படித்ததும் கலா அந்தக் காகிதத்தை வாங்கி, நித்யா கண்ணில் படாமல் மடித்து வைத்தாள். பதினான்கு வயது மகளுக்கு அது என்ன கதவு என்று எங்களைவிட நன்றாகத் தெரியும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். மரத்தால் ஆன, லாடம் போல வளைந்த ஒரு அடைப்பு, அதற்குள் அங்கும் இங்கும் ஆடும் சின்னக் கதவு. ஒருத்தர் ஒருத்தராகத்தான் நுழைய முடியும், மாடு நுழைய முடியாது. கதவு இரண்டு பக்கமும் தொட்டுத் தொட்டுத் திரும்புவதால் அந்தப் பெயர். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரிடம் ஒரு முத்தம் வாங்கிக்கொண்டுதான் வழிவிட வேண்டும் என்று ஒரு சம்பிரதாயமும் உண்டாம். வீட்டை வாங்கும்போது அதைத் தோட்ட அலங்காரம் என்று நினைத்தேன். கணக்குப் பார்த்தால், பொம்மசந்திரா தொழிற்பேட்டை ஃபிட்டரின் மகனான நான் ஐந்து வருடமாக ஒரு முத்தக் கதவுக்குச் சொந்தக்காரனாக இருந்திருக்கிறேன்.

இதுவரை அந்த வழியாக யாரும் போனதில்லையா என்று கேட்பீர்கள். போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர், நாயோடு இரண்டு பேர், "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா குறுக்கே போகிறார்கள் என்று விட்டிருந்தேன். பிரசுரம் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நான் கைலியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பேன், முதுகுப்பையும் கைத்தடியுமாக ஆறு பேர் வந்து கையிலிருக்கும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். எட்டாவது சிறப்பிடம் நான்தானோ என்று அவர்களுக்குச் சந்தேகம். ஒரு அம்மாள் மிளகாயைப் படம் எடுத்துக்கொண்டார்.

இதை வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். நான் பெங்களூர்க்காரன். அதிலும் ஹெப்பகோடி.

அப்பா ஹெப்பகோடியில் முப்பதுக்கு நாற்பது அடி மனை, எங்கள் பேச்சில் ஸைட், ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். வீடு கட்ட வசதி வரும்வரை காலியாகக் கிடந்தது. காம்பவுண்டு போடச் சொன்னவர்களிடம், "சுத்தி நம்ப ஜனங்கதானே இருக்காங்க, யார் இன்னா பண்ணப்போறாங்க" என்றார். ஒரு ஆடி மாதம் போய்ப் பார்த்தபோது மூலையில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. அடுத்த ஆடிக்குள் கல்லுக்குத் தகரக் கூரை வந்தது. அதற்கடுத்த ஆடியில் ஒலிபெருக்கியும் நிர்வாகக் குழுவும் வந்தன. மாரியம்மனைக் காலி செய்யச் சொல்லி எந்தத் தாசில்தார் நோட்டீஸ் கொடுப்பார்? இன்றைக்கும் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் தன் சொந்த ஸைட்டுக்குள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைகிறார். கூழ் ஊற்றும் நாளில் முதல் செம்பு அவருக்குத்தான், அந்த மரியாதையை மட்டும் இதுவரை குறைக்கவில்லை.

3

கலாவின் தம்பி சேகர் இன்னும் ஹெப்பகோடியில்தான் இருக்கிறான். ஸைட் வாங்கி விற்பதுதான் தொழில். போன் கார்டு போட்டு அவனிடம் சொன்னேன்.

"இன்னா மாமா சொல்றீங்க? உங்க ஜாகாவுல ஊரே நடக்குதா? அதுக்கு மேப்பு வேற போட்டுக் குடுத்துட்டானுங்களா?" ஸைட் விஷயத்தில் சேகர் சிரித்து நான் பார்த்ததில்லை. "மொதல்ல பூட்டு. அப்பறம் காம்பவுண்டு. அப்பறம் போர்டு. இன்னிக்கு நடப்பான், நாளைக்கு பெஞ்சு போடுவான், நாளன்னிக்கு ஜாகா அவன்துன்னுவான். மாமா (உங்க அப்பாவைச் சொல்றேன்) பட்டது போதாதா?"

"இங்க எல்லாம் ரூல்ஸ்படி நடக்கும் சேகர்."

"ரூல்ஸ்படிதான் மாமா எல்லா எடத்துலயும் புடுங்குறானுங்க."

வக்கீலுக்குப் போன் செய்தேன். ஹெப்பகோடியில் ஒரு ஸைட் வாங்க முப்பது வருடத்து மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் எடுத்து, அதை நாலு பேரிடம் காட்டி, அதற்கப்புறமும் தூக்கம் வராது. இங்கே வீடு வாங்கியபோது எல்லாவற்றையும் வக்கீலே பார்த்துக்கொண்டார். காகிதம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் நான் தரையைப் பார்க்கவே இல்லை. அவர் இப்போது பத்திரக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாவட்ட நிர்வாகமான கவுண்டி கவுன்சிலின் அதிகாரபூர்வ வரைபடத்தில் அப்படி ஒரு நடைபாதையே இல்லை என்றார். எனக்கு அது போதும்.

ஒரு தச்சரைப் பிடித்து, கதவின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் பலகை வேலி போட்டேன். முத்தக் கதவுக்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு. பெங்களூரில் எந்தக் காலி ஸைட்டிலும் பார்த்திருப்பீர்களே, 'இந்த இடம் இன்னாருக்குச் சொந்தம், அத்துமீறி நுழைபவர் தண்டிக்கப்படுவர்' என்று, அதே வாசகத்தை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி மாட்டினேன். தச்சர் அதைப் படித்துவிட்டு ஆணி அடித்தார். அன்று ராத்திரி ஐந்து வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு சொந்த வீடு இருப்பது போலத் தோன்றியது.

4

ஊர் கொதித்து எழும் என்று எதிர்பார்த்தேன். ஹெப்பகோடியாக இருந்தால் மறுநாள் காலையில் ஐம்பது பேர் வாசலில் நின்றிருப்பார்கள், ஒரு ஜீப் வந்திருக்கும், மத்தியானத்துக்குள் சமரசம் ஆகி எல்லோரும் காபி குடித்திருப்போம். இங்கே ஒருவரும் வரவில்லை. அறிவிப்புப் பலகை வரை நடந்து வருவார்கள், படிப்பார்கள், திரும்பிப் போவார்கள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மார்கரெட் வந்தார். எழுபது வயது. கிராம சபையின் எழுத்தர் அவர்தான், தேவாலய மணிக் குழுவின் தலைவியும் அவர்தான். வேலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிக நேர்த்தியான வேலி, ராஜ்" என்றார். ராஜமாணிக்கத்தை இந்த ஊர் ராஜ் ஆக்கிப் பல காலம் ஆகிறது. நான் மகிழ்ந்துபோய், தச்சரின் போன் நம்பரைக் குறித்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அது பாராட்டு இல்லை, போர் அறிவிப்பு என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

உண்மையான சண்டை வீட்டுக்குள் நடந்தது. நித்யா மணி அடிக்கிறவள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள். ஆளுக்கு ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். ராகம் கிடையாது, தாளம் கிடையாது, வெறும் எண் கணக்கு. ஒரு ஆள் குறைந்தாலும் கணக்கு உதைக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பயிற்சி. இரண்டு வருடமாக மூன்றாம் மணி எங்கள் மகளுடையது. ஒய்டூகே என்ற கம்ப்யூட்டர் பீதியின் புண்ணியத்தில் விசா வாங்கி, மகள் இங்கே படித்துப் பெரிய ஆளாக வருவாள் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். கோயிலில் மணி அடிக்கிறாள். ஊரில் இருந்திருந்தால் அதற்கென்று ஒருத்தர் இருப்பார், நாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றால் போதும்.

கொல்லை வழியாகப் போனால் கோபுரத்துக்கு மூன்று நிமிடம். ரோடு வழியாகச் சுற்றினால் இருபத்தைந்து நிமிடம், பாதி தூரம் ரோட்டோரத்தில் நடைபாதையும் கிடையாது. அதை யோசிக்காத அப்பன் இல்லை நான். பூட்டுக்கு இரண்டாவது சாவி போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"இது எதுக்குப்பா?"

"உனக்கு மட்டும். நீ எப்பவும் போல போய் வா."

"மத்தவங்க?"

"மத்தவங்க நம்ப வீட்டு ஆளுங்களா?"

அவள் சாவியைச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "எனக்கு மட்டும்னா எனக்கு வேணாம்" என்றாள். அதற்குமேல் இங்கிலீஷுக்குத் தாவிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் எங்கள் வீட்டில் சண்டைகள் சீக்கிரம் முடிந்துவிடும். அடுத்த செவ்வாய்க்கிழமை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ரோடு வழியாகப் போனாள். வாசலில் நின்ற கலா என் பக்கம் திரும்பவில்லை.

"சின்னப் பொண்ணு அந்த வளைவுல நடந்து போவுது. நீங்க வேலிக்கு பாலிஷ் போடுங்க" என்றாள்.

நானும் பிடிவாதக்காரன். போட்டேன்.

5

இரண்டு மாதம் கழித்துக் கவுண்டி கவுன்சிலிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. வரைபடத்தில் இல்லாவிட்டாலும், ஜனங்கள் இருபது வருடம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு வழியில் நடந்துவிட்டால் அது பொதுவழி. நடந்தவர்கள் ஆளுக்கொரு சாட்சிப் படிவம் நிரப்பித் தர வேண்டும். மார்கரெட் அந்த இரண்டு மாதமும் வீடு வீடாகப் போய்ப் படிவம் வாங்கியிருக்கிறார். நம் ஊரில் கல் நட்டுவிட்டுப் பிறகு காகிதம் தேடுவார்கள், இங்கே காகிதத்தையே கல்லாக நடுகிறார்கள். சேகர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இருபத்து நான்கு படிவங்களின் நகல்களும் எனக்கு வந்திருந்தன. பொய் எதையாவது பிடித்துவிடலாம் என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். எத்தனை வருடமாக நடக்கிறீர்கள், எதற்காக, யாராவது தடுத்தார்களா என்று கேள்விகள். ஒரு கிழவர், வயலில் வேலை செய்த தன் அப்பாவுக்குச் சிறுவயதில் சாப்பாடு எடுத்துப்போனதாக எழுதியிருந்தார். தபால்காரர் இருபத்திரண்டு வருடம் என்றார். மார்கரெட், தன் கணவரை அந்தக் கதவருகேதான் முதலில் சந்தித்ததாகவும், இப்போது அவரைப் பார்க்கக் கல்லறைக்கு அந்த வழியாகத்தான் போவதாகவும் எழுதியிருந்தார். சிவப்புப் பேனாவுக்கு அதிகம் வேலை வரவில்லை.

கடைசிப் படிவத்தின் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பெயர்: நித்யா ராஜமாணிக்கம். எத்தனை வருடம்? ஐந்து. எதற்காக? மணிப் பயிற்சி, பஸ், சும்மா. யாராவது தடுத்தார்களா? ஆம். யார்?

'என் அப்பா.'

அந்த இரண்டு வார்த்தையையும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கோபம்தான் வந்தது, மறைப்பானேன். ஊரோடு சேர்ந்து பெற்றவன்மேல் சாட்சி சொல்கிறாளே!  உட்கார்ந்து கவுன்சிலுக்கு நான்கு பக்கப் பதில் எழுதினேன். நான் அநியாயக்காரன் இல்லை என்று காட்டுவதற்காக, 'என் மகளுக்கு நான் தனியாகச் சாவி கொடுத்திருக்கிறேன்' என்பதையும் சேர்த்தேன். அது ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு.

பதில் கடிதம் நித்யாவின் பெயருக்கு வந்தது. பள்ளியிலிருந்து வந்தவள் நின்றபடியே படித்துவிட்டு என் முன்னால் வைத்தாள். விஷயம் இவ்வளவுதான்: படிவம் எண் இருபத்து நான்கைக் கொடுத்தவர் நில உரிமையாளரின் மகள். உரிமையாளரின் குடும்பத்தார் நடப்பது அவரது அனுமதியுடன் நடப்பதாகவே கொள்ளப்படும். இவருக்குச் சாவி அளித்ததை உரிமையாளரும் எழுத்துமூலம் உறுதி செய்துள்ளார். எனவே இவரது சாட்சியத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது.

படித்து முடித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் பேச்சு இந்த ஊருடையது, அவள் நடை இந்த ஊருடையது, அவளுடைய செவ்வாய்க்கிழமை இந்த ஊருடையது. இந்த ஐந்து வருடத்தில் இவள் என்னைச் சேர்ந்தவள் என்று சொல்ல ஒரு கவுண்டி கவுன்சில் தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"மார்கரெட்டோடது செல்லுமாம். போஸ்ட்மேனோடது செல்லுமாம்" என்றாள் நித்யா. "என்னோடது மட்டும் செல்லாதாம்ப்பா. நான் அஞ்சு வருஷம் நடந்தது நடந்ததே இல்லையாம். நீங்க விட்டதாலதான் நடந்தேனாம்."

இங்கிலீஷுக்குத் தாவுவாள் என்று காத்திருந்தேன். தாவவில்லை. தமிழிலேயே அழுதாள். "அப்ப எனக்குன்னு இந்த ஊர்ல எதுவுமே இல்லையாப்பா?"

அப்பா தன் ஸைட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. இது அதைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் இந்த முறை மற்றவரின் இடத்தில் வேலி போட்டது நான். எனக்கு வெட்கமாக இருந்தது. கலா அவளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தோட்டத்துக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, சங்கிலியை அவிழ்த்து, போர்டையும் கழற்றினேன். ஆணி சுலபத்தில் வரவில்லை. தச்சர் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார்.

6

நில உரிமையாளருக்கென்று கவுன்சில் அனுப்பிய படிவம் ஒன்று மேசையில் கிடந்தது. பொதுவழி என்பதை எதிர்க்கிறீர்களா, ஏற்கிறீர்களா? ஏற்பதானால் எந்தச் சாட்சியத்தின் அடிப்படையில் என்று படிவ எண்ணைக் குறிப்பிடவும். செல்லுபடியாகும் படிவங்கள் இருபத்து மூன்று இருந்தன. நான் 'ஏற்கிறேன்' என்பதில் குறியிட்டு, எண்ணையும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

சேகர் கேள்விப்பட்டு அவனாகவே போன் செய்தான். அவன் தன் கைக்காசில் வெளிநாட்டுக்குப் போன் செய்தது அது ஒரு தடவைதான். "ஊருக்கே எழுதிக் குடுத்துட்டீங்களா மாமா? உங்களுக்கு ஸைட்டு ராசியே கெடையாது" என்றான். 

பத்து நாள் கழித்து, மாலையில் மறுபடி போன் அடித்தது. நித்யாதான் எடுத்தாள். கவுன்சிலிலிருந்து என்று சொல்லி ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு, நகராமல் பக்கத்திலேயே நின்றாள். பேசியவர் மிகுந்த மரியாதையுள்ள இளைஞர். தொந்தரவுக்கு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். என் படிவத்தில் ஒரு சின்னத் தவறு நேர்ந்திருக்கிறதாம். நான் ஆதாரமாகக் குறிப்பிட்டிருக்கும் படிவம் எண் இருபத்து நான்கு ஏற்கெனவே தள்ளுபடி செய்யப்பட்ட ஒன்றாம். கைதவறி எழுதியிருப்பேன் என்றும், நான் அனுமதித்தால் அவரே வேறு எண்ணாக மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

"வேண்டாம்" என்றேன். "சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்."